போலீஸ்காரர்களைப் பாராட்ட: பினாங்கு ஆலயக் குழுக்களுக்குச் சில குறிப்புகள்

தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் கூட்டத்தைச் சமாளித்த போலீஸ்காரர்களைப் பாராட்ட மார்ச் 25, போலீஸ் தினம், பொருத்தமான நாள். 1807-இல் அதே தேதியில் பினாங்குக்கு நீதி சாசனம் (நீதிமன்றம் அமைக்க பிரிட்டிஷ் அரசர் தந்த ஆணை) கிடைத்ததையே மலேசியப் போலீஸ் தன் தொடக்கமாகக் கொள்கிறது. நோன்பு மாதம் குறுக்கிட்டால் மதிய விருந்தை விட்டுவிடுங்கள்.

மாவட்டப் போலீஸ் தலைவருக்கு ஆறு வாரம் முன்பே மலாயில் கடிதம் எழுதுங்கள். வெறுமனே ‘சிறந்த சேவை’ என்றால், அன்று ஓய்வாக இருப்பவர்தான் மேடைக்கு வருவார். எந்த நாள், எத்தனை மணி, எந்தச் சந்தி, அந்தப் போலீஸ்காரர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். கடிதத்தை அவருடைய சேவைக் கோப்பில் சேர்க்கும்படியும் கேளுங்கள். கேடயத்தைவிட அதுதான் அவருக்கு உதவும்.

பணம், அங்பாவ் (அன்பளிப்புப் பண உறை), பரிசுக்கூடை வேண்டவே வேண்டாம். 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் அவரே சிக்கிக்கொள்ளலாம். கேடயமும் சான்றிதழும் போதும். பொறிக்கக் கொடுக்குமுன் பதவியை நிலையத்தில் விசாரியுங்கள். கோப்ரல் இதற்குள் சார்ஜன் ஆகியிருப்பார்.

பொன்னாடை சீருடைப் பதக்கங்களை மறைக்கும், மாலை பெயர்ப்பட்டையில் சிக்கும். பொன்னாடையை மடித்துக் கையில் கொடுங்கள். உணவு ஹலாலாக இருக்கட்டும். பிரமுகர் உரைக்கு ஐந்தே நிமிடம். வந்தவருக்கு அடுத்த ஷிப்ட் இருக்கும்.