நாஸில் ஃபைல் கிடைக்கவில்லையா? முதலில் தேடுவது எந்த மெஷின் என்று பாருங்கள்

நாஸில், அதாவது நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டியில், ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது. மூன்று ஃபோல்டர் உள்ளே போனால் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் விண்டோஸில் அந்த நாஸுக்குக் கொடுத்திருக்கும் இசட் டிரைவைத் திறந்து தேடல் பெட்டியில் அதே பெயரைத் தட்டினால், மேலே பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போய், கடைசியில் எதுவும் இல்லை என்று கைவிரித்துவிடுகிறது. உடனே நாம் செய்கிற காரியம் விண்டோஸில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸைத் திறந்து ரீபில்ட் பட்டனை அழுத்துவதுதான். நானும் அழுத்தியிருக்கிறேன். ராத்திரி முழுக்க மெஷினை ஓடவிட்டுக் காலையில் வந்து தேடினால் அதே கதை. தேடுவதற்காக விண்டோஸ் முன்கூட்டியே எழுதி வைக்கும் பட்டியல்தான் இண்டெக்ஸ், அதில் நாஸே கிடையாது, அப்புறம் அதைத் திரும்பக் கட்டி என்ன பிரயோஜனம்?

விண்டோஸ் கட்டி வைத்திருக்கும் இண்டெக்ஸ் உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்குக்கு மட்டும்தான். இசட் மாதிரி ஓர் எழுத்துக் கொடுத்து இணைத்த, அதாவது மேப் செய்த, நெட்வொர்க் டிரைவை அதில் சேர்க்கப் போனால் பட்டியலிலேயே வராது. மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட்டும் வழக்கமாக நெட்வொர்க் டிரைவை இண்டெக்ஸ் செய்வதில்லை. அதனால் இசட் டிரைவில் நீங்கள் ஒரு பெயரைத் தேடும்போது, உங்கள் கம்ப்யூட்டர் நாஸிடம் ஃபோல்டர் ஃபோல்டராகப் பட்டியல் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுக்கொண்டே போகிறது.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20,000 ஃபோல்டர் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தோராயமாக 3 முறை கேள்வியும் பதிலுமாகப் போய்வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கேபிளில் இணைத்த கம்ப்யூட்டரில் ஒரு போய்வரவுக்கு அரை மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் 30 செகண்டில் முடிந்துவிடும். அதையே வெளியூரிலிருந்து விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக, 40 மில்லிசெகண்ட் தாமதத்தோடு செய்தால் 2,400 செகண்ட், அதாவது 40 நிமிடம். நெட் வேகமாகத்தானே இருக்கிறது, தேடல் மட்டும் ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: இங்கே அடிவாங்குவது டவுன்லோட் வேகம் இல்லை, தாமதம். பெரிய பிளானுக்கு மாறினாலும் இது மாறாது.

அடுத்த தவறு இதைவிட மோசமானது. இண்டெக்ஸ் இல்லாத இடத்தில் விண்டோஸ் ஃபைல் பெயரை மட்டும்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் எழுத்தைப் படிக்காது. இது தெரியாமல் ஒரு டாக்குமென்ட்டுக்குள் இருக்கும் வரியைத் தேடிவிட்டு, ஃபைலே அழிந்துபோய்விட்டது என்று பதறுகிறவர்கள் நிறைய. தெரிந்தவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் சர்ச் டேபுக்குப் போய் 'ஆல்வேஸ் சர்ச் ஃபைல் நேம்ஸ் அண்ட் கன்டென்ட்ஸ்' என்பதை டிக் செய்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் ஒரு சொல்லைத் தேடினால், உள்ளே எழுத்து இருக்கிறதா என்று பார்க்க ஃபைல்களை எல்லாம் நெட்வொர்க் வழியாக உங்கள் கம்ப்யூட்டருக்கு இழுத்துத்தான் படிக்க வேண்டும். கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் செகண்டுக்கு 110 எம்பி வருகிறது என்றால், 1 டிபி டாக்குமென்ட்டைப் படித்து முடிக்கச் சுமார் இரண்டரை மணி நேரம். ஒரே ஒரு சொல்லுக்கு. நடுவில் ஆன்டிவைரஸும் ஒவ்வொரு ஃபைலையும் நிறுத்திச் சோதிக்க ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

'ஆல்வேஸ் அவைலபிள் ஆஃப்லைன்' என்று வைத்தால் நெட்வொர்க் ஃபோல்டரும் இண்டெக்ஸாகும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் ஆவதற்குக் காரணம் அந்த ஃபோல்டரின் நகல் உங்கள் டிஸ்க்குக்கு வந்துவிடுவது. நாஸில் பகிர்ந்திருக்கும் 4 டிபி ஃபோல்டரின், அதாவது ஷேரின், மேல் ரைட் கிளிக் செய்து இதைக் கொடுத்துவிட்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி ஏன் நிரம்பிவிட்டது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தினமும் தொடுகிற ஒரு சின்ன ஃபோல்டருக்கு இது நல்ல வழி, முழு ஷேருக்குக் கூடாது. விண்டோஸின் ஹோம் பதிப்பில் இந்த வசதியே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, அப்படியானால் யார்தான் தேட வேண்டும்? டிஸ்க் எங்கே இருக்கிறதோ அந்த மெஷின்தான் தேட வேண்டும். சினாலஜி நிறுவனத்தின் நாஸில் யுனிவர்சல் சர்ச், க்யூநாப் நிறுவனத்தின் நாஸில் க்யூசர்ச் என்று நாஸுக்குள்ளேயே ஓடும் தேடல் இருக்கிறது, பிரவுசரில் நாஸின் பக்கத்தைத் திறந்து தேடினால் நொடியில் பதில் வரும். ஆனால் அதை இன்ஸ்டால் செய்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது, எந்தெந்த ஃபோல்டரை இண்டெக்ஸ் செய்ய வேண்டும் என்று அமைப்பில் சரிபார்க்க வேண்டும். சினாலஜியில் இன்னொரு குழப்பமும் உண்டு. கன்ட்ரோல் பேனலில் 'இண்டெக்ஸிங் சர்வீஸ்' என்று ஒன்று தெரியும், பெயரைப் பார்த்ததும் இதுதான் நாம் தேடியது என்று எல்லா ஃபோல்டரையும் அங்கே சேர்த்துவிடுவோம். அது போட்டோ, பாட்டு, வீடியோவுக்கானது. டாக்குமென்ட்டுக்கான பட்டியல் யுனிவர்சல் சர்ச்சின் சொந்த அமைப்புக்குள் இருக்கிறது. பிரவுசரே பிடிக்காது, கறுப்புத் திரையில் எழுதிப் பழகியவர் என்றால் இன்னொரு மெஷினைக் கட்டளை தட்டி இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக நாஸுக்குள் போய், ஃபைலைத் தேடும் ஃபைண்ட் கமாண்டை ஓட்டிப் பாருங்கள். விபிஎன்னில் 40 நிமிடம் இழுத்த தேடல் இங்கே காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

டெஸ்க்டாப்பிலிருந்தே தேட வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் 'எவ்ரிதிங்' என்ற மென்பொருளுக்குப் போவார்கள். நல்ல மென்பொருள், நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரின் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) டிஸ்க்கில் அது மின்னல் வேகத்தில் இயங்குவதற்குக் காரணம், அந்த ஃபைல் சிஸ்டம் தானே எழுதி வைத்திருக்கும் பட்டியலையும் மாற்றக் குறிப்பையும் படித்துக்கொள்வது. நாஸில் அந்த வசதி கிடையாது. ஆப்ஷன்ஸில் இண்டெக்ஸஸ் பகுதியில் ஃபோல்டர்ஸ் என்ற இடத்தில் நாஸின் பாதையை நீங்களாகச் சேர்த்து, எத்தனை மணிக்கு ஒருமுறை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். அதனால் பக்கத்து மேசைக்காரர் பத்து நிமிடம் முன்னால் போட்ட ஃபைல் உங்கள் பட்டியலில் அடுத்த ஸ்கேன் வரை வராமலே போகலாம். இன்னொன்று, அந்த மென்பொருளை அட்மினாக ஓட்டினால் இசட் டிரைவே அதன் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், ஏனென்றால் நீங்கள் சாதாரணமாக மேப் செய்த டிரைவ் அட்மின் உரிமையோடு ஓடும் மென்பொருளுக்குத் தானாகப் போய்ச்சேராது. டிரைவ் எழுத்துக்குப் பதிலாக இரண்டு பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும் முழு முகவரியைக் கொடுத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் இரண்டு நிமிடச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். மூன்று ஃபோல்டர் ஆழத்தில் 7741905 என்கிற மாதிரி வேறெங்கும் இருக்க முடியாத பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போடுங்கள். முதலில் அதே ஃபோல்டரிலும், அப்புறம் டிரைவின் தலைப்பகுதியிலிருந்தும், கொஞ்ச நேரம் விட்டு நாஸின் பிரவுசர் பக்கத்திலும் தேடுங்கள். அதே ஃபோல்டரில் கிடைத்து மேலிருந்து தேடும்போது கிடைக்கவில்லை என்றால் வழியில்தான் எங்கோ அறுந்திருக்கிறது: உங்களுக்கு அனுமதி இல்லாத ஃபோல்டர் குறுக்கே இருக்கலாம், 260 எழுத்தைத் தாண்டிய பாதையாக இருக்கலாம், அல்லது தேடல் 'கரன்ட் ஃபோல்டர்' என்று மட்டும் சுருங்கியிருக்கலாம். பிரவுசரில் மட்டும் வரவில்லை என்றால் நாஸின் இண்டெக்ஸ்தான் பழுது. எல்லா இடத்திலும் கிடைக்கிறது, ஆனால் 'இன்று மாற்றியவை' என்று வடிகட்டினால் மட்டும் காணோம் என்றால் நாஸின் கடிகாரத்தைப் பாருங்கள், அதில் நேரம் தவறாக இருந்தால் இன்றைய ஃபைல் நேற்றைய தேதியில் உட்கார்ந்திருக்கும்.

சில பழைய நாஸ்கள் நெட்வொர்க்கிலேயே தெரிவதில்லை. உடனே, நெட்வொர்க்கில் ஃபைல் பகிர்வதற்கான பழைய நெறிமுறையான எஸ்எம்பி1ஐ ஆன் செய் என்று யாராவது சொல்வார்கள், செய்யாதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற நச்சு மென்பொருள் பரவியது அந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான், அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் படிப்படியாக நீக்கவும் தொடங்கியது. நாஸின் அமைப்பில் எஸ்எம்பி2 அல்லது 3ஐ இயக்குங்கள். பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் கணக்கில் திறந்துகொண்டிருந்த ஷேர் விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று திறக்கவில்லை என்றால், நாஸில் உங்களுக்கு ஒரு யூசர் கணக்கு உருவாக்கி அதில் நுழையுங்கள்.

கடைசியாக, தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லை. 'கோப்பு' என்பதில் இருக்கும் 'கோ'வை யூனிகோடில் (கம்ப்யூட்டரில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்தே சேமித்தது, அங்கிருந்து நாஸுக்கு வந்த ஃபைல் அதே பிரிந்த வடிவில் இருக்கலாம், நீங்கள் விண்டோஸில் தட்டுவதோ சேர்ந்த வடிவம். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத் தெரியாத தேடலுக்கு இவை வேறு வேறு பெயர்கள். 'ஸ்ரீ' இன்னும் மோசம்: ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், பல ஃபான்ட்டுகளில் வித்தியாசமே தெரியாது. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த டாக்குமென்ட் என்றால், உள்ளே சேமித்திருப்பதே ஆங்கில எழுத்துகள்தான், தமிழில் எவ்வளவு தேடினாலும் வராது.

சந்தேகம் வந்தால் பெயரைத் தட்டாதீர்கள். அந்த ஃபைலின் பெயரிலிருந்தே சொல்லைக் காப்பி செய்து தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் கிடைக்கிறது, தட்டினால் கிடைக்கவில்லை என்றால் குற்றவாளி எழுத்துதான். அந்தப் பெயரை விண்டோஸிலேயே ஒருமுறை அழித்துத் திரும்ப அடித்து வைத்துவிட்டால் போதும்.