பிஎச்பி 7.4ல இருந்து 8க்கு போறீங்களா? சத்தமில்லாம உடையுற இடத்த முதல்ல பாருங்க

வெப்சைட்டுக்கு கோட் எழுதுற பிஎச்பி மொழியோட 7.4 வெர்ஷனுக்கு 2022 நவம்பரோட செக்யூரிட்டி அப்டேட் நின்னு போச்சு, அதனால மாறித்தான் ஆகணும், ஆனா நேரா லைவ் சர்வர்ல வெர்ஷன மாத்திடாதீங்க ப்ளீஸ். முதல்ல லோக்கல்ல, அதாவது உங்க கம்ப்யூட்டர்ல, இல்லன்னா ஸ்டேஜிங்ல, அதாவது லைவ் மாதிரியே இருக்குற டெஸ்ட் சர்வர்ல 8 போட்டு, எல்லா எர்ரரும் வார்னிங்கும் லாக்ல விழுற மாதிரி செட்டிங் வச்சுட்டு சைட்ட முழுசா ஓட்டி பாருங்க.

ஈச் (each), கிரியேட் ஃபங்ஷன் (create_function) மாதிரி 8ல தூக்கிட்ட ஃபங்ஷன் உங்க கோட்ல இருந்தா அந்த வரி ஓடும்போதே எர்ரர் வந்து நின்னுடும், தேடி மாத்திடலாம், அதுக்கு பயப்பட வேணாம்.

எனக்கு பயமே கம்பேரிசன்தான். 7ல பூஜ்யத்தையும் "abc"ங்கிற ஸ்டிரிங்கையும் ரெண்டு ஈக்வல் (==) போட்டு ஒப்பிட்டா ட்ரூ வரும், 8ல ஃபால்ஸ். காலி ஸ்டிரிங்குக்கும் அதே கதைதான். எந்த எர்ரரும் வராது, இஃப் கண்டிஷன் மட்டும் வேற பக்கம் போயிடும். ஸ்விட்ச் (switch), இன் அர்ரே (in_array) ரெண்டும் உள்ளுக்குள்ள இதே கம்பேரிசன்தான் பண்ணுது, அதனால ஃபார்ம்ல இருந்து வர்ற வேல்யூ, பில் தொகை, ஸ்டாக் எண்ணிக்கைன்னு பூஜ்யம் வர வாய்ப்பிருக்குற இடத்தையெல்லாம் ஒவ்வொண்ணா உக்காந்து பாருங்க, டைப்ப முதல்ல மாத்திட்டு மூணு ஈக்வல் (===) போடுங்க. இந்த இடங்களுக்காவது டெஸ்ட் எழுதி, 7லயும் 8லயும் ஓட்டி ஒரே ரிசல்ட் வருதான்னு பாத்துக்கங்க.

லைப்ரரி எதாவது 8க்கு ஒத்துவரலன்னா லைப்ரரிகள மேனேஜ் பண்ற டூலான கம்போசரோட ஒய்-நாட் (why-not) கமாண்டே எதுன்னு காட்டிடும்.