பழைய கடன் பத்திரம் வாங்குவோர் செய்யும் தவறுகள்

பத்திரத்தில் அச்சிட்ட தொகை என்றைக்காவது கைக்கு வரும் என்று நம்பி வாங்குவதுதான் பெரிய நஷ்டத்தில் கொண்டுவிடும் தவறு. 1913-இல் சீன அரசு 5% வட்டிக்கு வாங்கிய 2.5 கோடி பவுண்டு தங்கக் கடன் பத்திரங்களைக் காட்டி, "வட்டியோடு சேர்த்தால் கோடிக்கணக்கில் வரும்" என்று ஆசை காட்டி விற்பவர்கள் இன்றும் உண்டு. வராது. 1911-ஆம் ஆண்டு சீனாவின் ஹூகுவாங் ரயில்வே கடனுக்காக அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனவர்களுக்கு 1982-இல் கிடைத்த சாதகமான தீர்ப்பும் பின்னர் ரத்தாகிவிட்டது. ஜார் மன்னர் காலத்து ரஷ்யக் கடன்களை சோவியத் அரசு 1918-இல் கைகழுவியது. விதிவிலக்கு இல்லாமலில்லை: நெதர்லாந்து நீர் வாரியம் ஒன்று 1648-இல் வெளியிட்ட பத்திரம் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 2015-இல் அதற்கு வட்டி கிடைத்தது; 12 ஆண்டுக்கும் சேர்த்து 136.20 யூரோ. சேகரிப்பவர் விலை கொடுப்பது காகிதத்துக்கும் அதன் வரலாற்றுக்கும் மட்டுமே.

அந்த வரலாறு பெரும்பாலும் பத்திரத்தோடு சேர்ந்த வட்டிச் சீட்டுகளான கூப்பன்களில்தான் இருக்கிறது. கூப்பன் தாளைக் கிழித்துவிட்டு, படம் உள்ள பக்கத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டுவது மன்னிக்க முடியாத வேலை. வட்டி வாங்கும்போதெல்லாம் ஒரு கூப்பனை வெட்டிக் கொடுப்பார்கள். ஆகவே எஞ்சி நிற்கும் முதல் கூப்பனின் தேதி, வட்டி நின்றுபோன நாளைச் சொல்லிவிடும். அந்த 1913 சீனக் கடன் 1960 வரை 47 ஆண்டுகள் ஓட வேண்டியது. ஆண்டுக்கு 2 கூப்பன். 1939-இல் வட்டி நின்றதால் பல பத்திரங்களில் 43 கூப்பன்கள் அப்படியே கிடக்கின்றன. ரஷ்யப் பத்திரங்களில் 1918-ஐ ஒட்டிய தேதிகளைத் தேடுங்கள். ஒரு கூப்பன்கூட வெட்டப்படவில்லை என்றால் உடனே மகிழ்ந்துவிடாமல், அது உண்மையில் யாருக்காவது விற்கப்பட்டதா என்று பாருங்கள். கையெழுத்தும் வரிசை எண்ணும் இல்லாதது விற்பனைக்குப் போகாத தாளாகவோ மாதிரித் தாளாகவோ இருக்கலாம். அதன் விலைக் கணக்கே வேறு.

ரத்து முத்திரையையும் துளைகளையும் குறையாக எண்ணி ஒதுக்குவோரும் உண்டு. துளையிட்ட பத்திரம் என்றால் பெரும்பாலும் கடன் அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதுவும் ஒரு பொருளாதாரச் செய்திதான். கையெழுத்தின் மேலேயே துளை விழுந்திருந்தால் மட்டும் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஒட்டியிருக்கும் வரி வில்லைகளைப் பிய்க்கவே கூடாது. ஒரு நாட்டின் பத்திரம் வேறெந்த நாட்டுச் சந்தையில் கைமாறியது என்பதற்கு அவைதான் சான்று.

பழசு என்பதாலேயே அரிது என்றாகிவிடாது. பனாமா கால்வாய் நிறுவனம் 1888-இல் வெளியிட்ட பரிசுச்சீட்டுப் பத்திரங்கள் லட்சக்கணக்கில் விற்றவை. ஒரே கடனில்கூட சிறிய முகமதிப்பு (அச்சிட்ட தொகை) கொண்ட பத்திரங்கள் மலிந்திருக்கும், பெரியவை சிலவே இருக்கும். எந்த வங்கி வழியாக வெளிவந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

போலிகளைக் கண்டுபிடிக்க 10 மடங்கு உருப்பெருக்கியே பெரும்பாலும் போதும். எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட கோடுகள் கூர்மையாக, விரலுக்கு லேசாக மேடு தட்டும். வண்ணப் புள்ளிகளின் கூட்டம் தெரிந்தால் அது நகல். ஆனால் கல்லச்சில் வந்த அசல்களும் நிறைய உண்டு, மேடு இல்லை என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம். புற ஊதா விளக்கில் தாள் பளீரென நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். காகிதத்துக்கு வெண்மையூட்டும் ரசாயனங்கள் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே பரவலாயின. 1934 தேதியிட்டு, அமெரிக்க மத்திய வங்கியின் பெயரில் 100 கோடி டாலர் முகமதிப்போடு வரும் 'ஃபெடரல் ரிசர்வ் பத்திரம்' மொத்தமும் மோசடி. 2012-இல் இத்தாலிய போலீஸ் கைப்பற்றிய போலிப் பத்திரங்களின் முகமதிப்பு மட்டும் 6 லட்சம் கோடி டாலர்!

பாதுகாப்பதில் நடக்கும் சேதத்துக்குத்தான் மாற்றே இல்லை. லேமினேஷன் செய்தால் பத்திரத்தின் கதை முடிந்தது. செலோடேப்பின் பசை மஞ்சளாகி இழைக்குள் இறங்கிவிடும். பி.வி.சி. உறை நாளடைவில் கசிந்து மையைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையே சரி. துருப்பிடித்த குண்டூசி இருந்தால் இழுக்காமல், அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெதுவாகக் கழற்றுங்கள். குறிப்பு எழுத வேண்டுமானால் பத்திரத்தில் வேண்டாம், உறைக்குள் வைக்கும் அமிலமற்ற தனித்தாளில் பென்சிலால் எழுதுங்கள். சுவரில் மாட்டியே ஆக வேண்டும் என்றால் நல்ல நகல் எடுத்து அதை மாட்டுங்கள். அசலைத் தட்டையாக, வெயில் படாத இடத்தில், ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டாமல் வைத்திருங்கள்.