ஐந்தரை மணிநேரப் பிழையும் வேறு சிலவும்

மிருகங்களுக்குக் கருவி கட்டி, அவை எங்கே போகின்றன என்று பின்தொடர்வது என் வேலை. போன மாதம் அதே ஆய்வுக்கு வந்த ஒரு தம்பி மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, தான் போட்ட வரைபடத்தைப் பெருமையாகக் காட்டினார். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினொரு வருடத்துக்கு முன் நான் போட்டதும் அச்சு அசல் இதேதான்.

பட்டரியைச் சார்ஜ் பண்ண மறப்பது, குறிப்புப் புத்தகத்தை மழையில் நனைய விடுவது எல்லாம் ஒருதடவை பட்டால் தானாகத் திருந்தும். பட்டும் தெரியாமல் போகிற பிழைகள்தான் ஆளை விழுத்தும்.

நேரம்

திருகோணமலைக் கோட்டைப் புள்ளிமான்களை ஊரில் தெரியாதவர் இல்லை. வெயில் தாழ்ந்ததும் கோட்டைக்குள்ளிருந்து இறங்கி, வீதியோரம் மேய்ந்து, மரக்கறிக் கழிவையும் கிளறிவிட்டு விடியப் போய்ச் சேரும். அவற்றில் நாலுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டி கட்டியிருந்தோம். தரவைத் திறந்தால், மான்கள் பகல் பன்னிரண்டரைக்குக் கோட்டையை விட்டுப் புறப்படுகின்றன, நள்ளிரவில் திரும்புகின்றன! நான் சந்தேகப்பட்டேனா? இல்லை. மத்தியானம் சனம் சாப்பிடப் போய்விடும், வீதி அடங்கும், அதுதான் காரணம் என்று விளக்கமும் எழுதி, ஒரு மாநாட்டுக்குச் சுருக்கத்தையும் அனுப்பிவிட்டேன்.

கோட்டை வாசலில் ஓட்டோ ஓடும் அண்ணர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “பன்னிரண்டரைக்கா சேர்? அந்த வெயிலுக்கு நாயே வெளிய வராது. மான் எல்லாம் ஆலமரத்தடியில அசைபோட்டுக்கொண்டு கிடக்கும்” என்றார். அன்றிரவுதான் விளங்கியது. கருவி பதிவது உலகப் பொது நேரம் (UTC). நம் நேரம் அதைவிட ஐந்தரை மணிநேரம் முந்தியது. கோப்பில் ‘நேரம்’ என்று மட்டும் இருக்கும், எந்த நேரம் என்று இருக்காது. பின்னேரம் ஆறு மணி அங்கே 12.30 ஆகக் கிடந்தது. சுருக்கத்தைத் திருப்பி வாங்கினேன். வெட்கம்தான்.

அதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வராது. அவசரத்தில் நாலு கோப்பிலும் ஐந்தரையைக் கூட்டினேன். அதில் ஒன்றை உதவிக்கு இருந்த பிள்ளை ஏற்கெனவே திருத்தி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. இப்போது மூன்று மான் ஆறு மணிக்கு இறங்குகிறது, ஒன்று மட்டும் இரவு பதினொன்றரைக்கு. அது மனிதருக்குக் கூச்சப்படும் மான் என்று அரைப் பக்கம் எழுதினேன். ஏழு மாத வேலை, அரைப் பக்கக் கூச்சம்!

ஆகவே, கோப்பில் கருவி தந்த நேர நிரலை (column) தொடவே வேண்டாம். உள்ளூர் நேரத்துக்குப் பக்கத்தில் புதிய நிரல் போட்டு, அதன் பெயரிலேயே ‘+5.30’ என்று எழுதுங்கள். மிருகத்துக்குக் கட்டமுன் நீங்களே ஒருநாள் கொண்டு திரியுங்கள். நான் இப்போது பட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போவேன். படியேறும் நேரத்தைக் கையில் குறித்துவைத்து, பிறகு கோப்போடு ஒப்பிடுவேன். அரைநாள் வேலை, கும்பிட்ட மாதிரியும் ஆச்சு.

பழைய களக் குறிப்புகளை எடுத்தாள்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. 1996 மே மாதம் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணிநேரம் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தோம். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இடைப்பட்ட காலமெல்லாம் பழைய நேரமே ஓடியது. அந்தப் பத்து வருடக் குறிப்பில் ‘காலை 6.00’ என்று இருந்தால், எழுதியவர் யாருடைய கட்டுப்பாட்டுப் பகுதியில் நின்றார் என்பதையும் தேடவேண்டும்.

புள்ளிகள்

கருவி ஒருதடவை பதியும் இடம் ஒரு புள்ளி. நாலு மானிலிருந்து நாற்பதாயிரம் புள்ளி வந்தாலும் உங்களிடம் இருப்பது நாலு மான்.

எடை

பறவையென்றால் கட்டும் கருவி அதன் உடல் எடையில் 3 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 400 கிராம் பறவைக்கு 12 கிராம், கட்டும் நாடாவும் சேர்த்து.

தரையில் நீந்திய ஆமை

ஒரு மாணவியின் வரைபடத்தில், நிலாவெளிக் கடலில் விட்ட ஆமை இரண்டாம் நாளே கந்தளாய்க் குளத்தில் நின்றது. ஆர்கோஸ் என்ற செய்மதித் தொகுதி, ஆமையில் பொருத்திய கருவி அனுப்பும் சமிக்ஞையின் அதிர்வெண் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து இடத்தைக் கணிக்கிறது. ஆமை மூச்செடுக்க மேலே வரும் கொஞ்ச நேரத்தில் இரண்டொரு சமிக்ஞைதான் போய்ச்சேரும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் தர வகுப்பு ஒன்று வரும். வகுப்பு 3 என்றால் பிழை 250 மீற்றருக்குள். ஏ, பி வகுப்புகளுக்கு இத்தனை மீற்றருக்குள் என்று எல்லையே சொல்லப்படுவதில்லை. அந்த நிரலைப் பார்க்காமல் கோடு இழுத்தால் ஆமை தரையேறும். ஆமையால் முடியாத வேகத்தில் வரும் புள்ளிகளையும் முதலில் கழியுங்கள்.

அனுமதி

வனசீவராசிகள் திணைக்களத்தின் கடிதம் கைக்கு வராமல் வலை விரிக்காதீர்கள்.

அசையாத புள்ளி

மூன்று நாள் ஒரே இடத்தில் புள்ளி நின்றால், கதிரையை விட்டு எழும்பிப் போய்ப் பாருங்கள். முதலில் சொன்ன தம்பி அப்படி ஒரு இடத்துக்கு ‘விருப்பமான ஓய்விடம்’ என்று பெயர் வைத்திருந்தார். இருவருமாகப் போய்ப் பார்த்தோம். புதருக்குள் பட்டி மட்டும் கிடந்தது, கொக்கி கழன்று, எறும்பு மொய்த்தபடி.