ஒரு குறள் வெண்பாவைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

பயிற்சிக்கென்றே கட்டிய குறள் வெண்பா இது. களம் மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்கும் நிகழ்ச்சி.

ஆற்று மணலில் அழகர் இறங்கினார்
நேற்றோடிப் போன நதி.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு பென்சிலால் ஒவ்வொரு சீரையும் அசை, அதாவது ஓசைத் துண்டு, வாரியாகப் பிரியுங்கள். மெய்யெழுத்துக்குத் தனிக் கணக்கில்லை, முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். குறிலோ நெடிலோ தனித்து வந்தால் நேர். குறிலையடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்தால் நிரை. அசைகள் அமையும் முறைக்கேற்ப ஒவ்வொரு சீருக்கும் தேமா (நேர் நேர்), புளிமா (நிரை நேர்) என்பது போல ஒரு வாய்பாட்டுப் பெயர் உண்டு.

ஆற்/று – தேமா
மண/லில் – புளிமா
அழ/கர் – புளிமா
இறங்/கினார் – கருவிளம்
நேற்/றோ/டிப் – தேமாங்காய்
போ/ன – தேமா
நதி – மலர்

புதியவர்கள் அதிகம் தடுக்குவது ஐகாரத்தில். சொல்லின் முதலில் அது நெடில், மற்ற இடங்களில் குறில். ஆகவே ‘வைகையில்’ என்பது வை/கையில், கூவிளம். வை/கை/யில் என்று மூன்றாக வெட்டித் தேமாங்காய் ஆக்கினால் அடுத்து வரும் தளைக் கணக்கும் குழம்பும்.

அடுத்து தளை, அதாவது ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் முதல் அசையும் பொருந்தும் முறை. வாய்பாட்டுப் பெயரின் முடிவை வைத்துப் பார்க்கவேண்டும்: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். இங்கே ஆறு இடமும் சரி. ‘ஆற்று நீரில்’ என்று மாற்றிப் பாருங்கள், மாவுக்குப் பின் நேர் வந்து தளை தட்டும். ஈற்றுச் சீர் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோடு குற்றியலுகரம்), பிறப்பு (நிரையோடு குற்றியலுகரம்) என்ற நான்கில் ஒன்றாக இருக்கவேண்டும். அதனால் மதுரை, வைகை, கூடல் மூன்றுமே வெண்பாவின் கடைசிச் சீராக வர முடியாது. ஊர்ப்பாட்டு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லைதான்.

எதுகை ஆற்று–நேற்றோ: இரண்டாமெழுத்து ற், முதலெழுத்து இரண்டிலும் நெடில். முதலெழுத்தின் அளவைப் பலர் பார்ப்பதே இல்லை. முதலடியில் ஆ–அ, ஒன்றாம் மூன்றாம் சீர்களில் பொழிப்பு மோனை. இரண்டாமடியின் நே–ந, மெய் மட்டும் ஒன்றும் வருக்க மோனை. உயிரும் இனமாக இல்லாததால் ஓசை சற்று மெலிவு.

சுவைக்குத் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகள், அதாவது வெளிப்படும் உணர்ச்சிகள், போதும். அழகர் வந்துவிட்டார், எனவே உவகை என்று எழுதிவிடாதீர்கள். அது முதலடியோடு சரி. ‘மணலில்’ அங்கேயே உறுத்துகிறது. இரண்டாமடியில் இருப்பது அழுகை, அது பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் (காரணங்களில்) ‘இழவு’, அதாவது இழப்பு. ‘ஓடிப் போன’ என்பதில் கொஞ்சம் நகையும் கலந்திருக்கிறது. ஓசையும் துணை நிற்கிறது: ல, ழ, ர என வழுக்கி வந்த அடி, ‘ற்றோ’, ‘ப்போ’ என்று வல்லினத்தில் முட்டுகிறது. திருவிழாவுக்கு வைகை அணையைத் திறந்துவிடும் வழக்கம் தெரியாதவருக்கு ‘நேற்று’ விளங்காது; உரை எழுதும்போது அந்தச் செய்தியை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.