ரோமில் தாகம் தீர்த்த மூக்கு

முதல்முறை ரோமுக்குப் போனது ஜூலையில். அது என் புத்திசாலித்தனம். கொலோசியத்தைச் சுற்றி முடிப்பதற்குள் நாக்கு வறண்டது, பாட்டில் தண்ணீருக்கே காசு கரைந்தது. தெருமுனையில் இடுப்புயர வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று ஓயாமல் ஒழுகியது. கை கழுவும் தண்ணீர் என்று நினைத்துக் கடந்துபோகப் பார்த்தேன்.

ஒரு பாட்டி வந்தார். குழாயின் வாயை விரலால் அடைத்தார். மேல்வளைவிலிருந்த சிறு துளையில் தண்ணீர் வில்லாக எழுந்தது. குனியாமலே குடித்துவிட்டுப் போனார்.

நானும் அடைத்தேன். முதல் பீச்சல் நேராக மூக்குக்கண்ணாடியில்! விரலைச் சற்றே தளர்த்தியதும் வாய்க்கு வந்தது. நல்ல குளிர்ச்சி.

'நசோனே', அதாவது பெருமூக்கு, என்று பெயர். 1874 முதல் இருக்கின்றன; நகரில் 2,000-க்கும் மேல். எல்லாம் குடிநீர்தான். பிறகு காலி பாட்டில் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டேன். தண்ணீருக்கு ஒரு யூரோகூடச் செலவாகவில்லை.