ராமாயி ஏன் அழுதுகொண்டே இருக்கிறாள்?

நான் எழுதிய முதல் கதையின் நாயகி ராமாயி. முதல் பக்கத்தில் அட்டை கடித்தது, இரண்டாம் பக்கத்தில் கங்காணி ஏசினார், மூன்றாம் பக்கத்தில் புருஷன் குடித்துவிட்டு வந்தான், கடைசியில் மண்சரிவு. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்த அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "இவளுக்கு வேற வேலையே இல்லையாடா?" என்று கேட்டுவிட்டு தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

மலையகக் கதை எழுதும் பலரும் செய்கிற தவறு இதுதான். எல்லாம் அவளுக்கு நடக்கிறது, அவளாக எதையும் செய்வதில்லை. அந்தி நிறுவையில் இரண்டு கிலோ குறைகிறது, அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிரைக்காரியிடம் கொழுந்து கடன் கேட்பாளா, குறையும் என்று தெரிந்தே முற்றின இலையையும் உருவிப் போட்டிருப்பாளா, கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்பாளா, இல்லை வாயை மூடிக்கொண்டு லயத்து வீட்டுக்கு நடப்பாளா? அதைச் சொன்னால் ஆளைத் தெரிந்துவிடும், அவள் அழுதால் ஒன்றும் தெரியாது.

அடுத்தது வயசுக் கணக்கு. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது, தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்கள் ஏராளம். ஆனால் இன்றைக்கு முப்பது வயதுக்காரி, தம்பியைக் கப்பலில் அனுப்பியதை நினைத்து உருகினால் எப்படி? அது அவள் அப்பாயியின் துக்கம். இவளுக்கு அது டிரங்குப் பெட்டியில் கிடக்கும், இவள் இன்னும் பிரித்தே பார்க்காத கடிதமாக இருக்கலாம். எனக்கென்னவோ அந்தக் கடிதம்தான் நல்ல கதை.

மழையையும் பாருங்கள். ஹட்டனில் ஜூன், ஜூலையில் கொட்டும், பதுளைக்கு அது வருடக் கடைசியில். இதைக்கூடத் தெரியாதவள் அங்கே பிறந்தவள் என்றால் யார் நம்புவார்? பேச்சும் அப்படித்தான், சென்னை சினிமாத் தமிழை அவள் வாயில் திணிக்காதீர்கள்.

அப்புறம், நல்லவளாக மட்டும் படைப்பது. திருத்தி எழுதியபோது ராமாயிக்குக் கொஞ்சம் கள்ளத்தனம் கொடுத்தேன். சீட்டுக் காசு கைக்கு வந்ததை அம்மாவிடம் மறைத்து, கம்மலை மீட்கிறாள், அடகு வைத்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது. மண்சரிவையும் எடுத்துவிட்டேன். இந்தத் தடவை அத்தை எழும்பவில்லை.

"சரி, அந்தச் சீட்டப் புடிக்கிறது யாரு?" என்றார்.